எருமையை இளைக்க வைத்த கதை

ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களிடம் எதையும் எடை குறைக்கக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் முழுசாகத் திரும்பி வராது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் மாடல் போடுவது என் வேலை. புது மாடல் ஒன்றைச் செய்து அனுப்பினால், கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது, ஆனால் கனம்" என்று ஒரே வரியில் பதில் போடுவார். உடனே நாங்கள் கத்தியை எடுத்துவிடுவோம். தோலின் ஓரத்தைச் சீவு, உள்ளே இருக்கும் அட்டையை எடு, லைனிங்கை மெல்லிசாக்கு என்று ஆரம்பித்து, கடைசியில் ஊதினால் பறக்கிற மாதிரி ஒரு ஷூ வந்து நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்று கேட்பது வேறு டிபார்ட்மென்ட்.

இந்த வியாதியோடுதான் நான் ஒரு மோட்டார் சைக்கிளைத் தொட்டேன். அதற்கு நடந்ததை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் ஒரு தப்பும் செய்யாத ஒரே ஆள் அதுதான். வேலூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் வெளிநாடு போவதற்கு முன் அதை விற்றான். மலை, மணல், கல், சேறு எதிலும் போகிற ரகம். பெரிய வண்டிகளில் இரண்டு சிலிண்டர், நான்கு சிலிண்டர் எல்லாம் உண்டு. இதற்கு ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று எங்கள் வீட்டுக் கல்யாணப் பரிசு குக்கர் அளவுக்கு இருக்கும். ஸ்டார்ட் செய்தால் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். பள்ளம் வந்தால் முனகாது, மேடு வந்தால் மூச்சு வாங்காது. நான் தப்பான கியரில் போட்டு அதட்டினால்கூட, சரி, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போகும். என் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக என்னைச் சகித்துக்கொண்டது இரண்டே பேர். ஒருவர் என் கணவர் செந்தில்.

ஒரே குறை, என் உயரம். காலண்டர் மாட்ட ஸ்டூல் தேடுகிற உயரம் என்னுடையது. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால் விரல் நுனிகள் மட்டும் ரோட்டை லேசாகத் தடவும். ஓடும்போது ராணி. நிற்கும்போது எப்போது சாய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரியாணிக் கடை வாசலில்தான் முதல் முறை சாய்ந்தேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கு பேர் இலையை விட்டு எழுந்து ஓடி வந்து தூக்கி நிறுத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. "அடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அன்று முழுவதும் ஹேண்டில்பாரில் பிரியாணி வாசம். (அந்த வாசத்துக்காகவே அடுத்த முறையும் அதே இடத்தில் விழலாம் என்று செந்தில் சொன்னார்.)

என் மாமியார் அந்த வண்டியைப் பார்த்த முதல் நாளே பெயர் வைத்துவிட்டார். திமிரி பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டேங்கில் இரண்டு தட்டுத் தட்டி, "நல்ல எருமைடி இது. கறக்குமா?" என்றார். அதிலிருந்து அது எருமை. நான் ஊருக்குப் போய் வந்தால் "சாப்டியா?" என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் "எருமை வந்துச்சா?" என்றுதான் கேட்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலூரில் வண்டிக்காரர்கள் கூட்டம் ஒன்று இருந்தது. ஜான்சன் அண்ணன் என்று ஒருவர் அதற்குத் தலைவர். காட்பாடியில் டயர் கடை வைத்திருந்தார். அவர்கள் தை மாதத்தில் குஜராத்தில் இருக்கும் கட்ச் உப்புப் பாலைவனத்துக்குப் போவதாக முடிவு செய்தார்கள். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். தோல் பதனிடும் ஊர்க்காரர்களான நாங்கள் உப்பில் வளர்ந்தவர்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் கொட்டுகிற உப்பு, அதை உதறிக் குவித்த உப்பு, லாரியிலிருந்து வழி நெடுகச் சிந்திய உப்பு. சின்ன வயதில் எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சில வயல்களில் வெயில் காலத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்தால் பெரியவர்கள் முகம் வாடும். அப்படிப்பட்ட எனக்கு, கண்ணுக்கு எட்டிய வரை உப்பு, அதைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் காசு கொடுத்துப் போகிறார்கள் என்றால் எப்படி இருக்கும்? உப்பு அழகாக இருக்கிற இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அதுவும் என் வண்டியில் போய். வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆனால் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஜான்சன் அண்ணன் எல்லோரையும் போல என்னையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"சிஸ்டர், வண்டிய கீழ படுக்க வெச்சு, தனியா தூக்கி நிறுத்திக் காட்டணும். அதான் ரூலு. ஆம்பள, பொம்பள எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"விழுந்தா நீங்கல்லாம் தூக்க மாட்டீங்களாண்ணே?"

"தூக்காம இன்னா? ஓடி வந்து தூக்குவோம். ஆனா அந்தப் பக்கம் ஒரு எடத்துல நீங்க பின்னாடி தங்கிட்டீங்க, போனும் எடுக்கல, ஆளும் இல்லன்னு வைங்க. அப்போ யார கூப்புடுவீங்க? பிரியாணிக் கடைக்காரங்களயா?"

(பிரியாணிக் கடை விவகாரம் வேலூர் வரை போயிருந்தது.)

பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. வீட்டு வாசலில் வண்டியை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். செந்தில் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். யாரும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, குனிந்து, பிடித்து, தம் கட்டித் தூக்கினேன். வண்டி எழுந்தது. பாதிக்கு மேலேயே எழுந்தது. அதற்கப்புறம் முடியாமல் திரும்பக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதி தூக்கிவிட்டேன் என்றால் மீதிப் பாதிக்குத் தேவை என் பலம் இல்லை, வண்டியின் கனம் குறைய வேண்டும். அவ்வளவுதான். கனம் குறைப்பது யார் தொழில்? எங்கள் தொழில்!

மறுநாளே சாதிக் பாயிடம் போய் நின்றேன். வாணியம்பாடி போகிற ரோட்டில் மெக்கானிக் ஷாப் வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அவருக்கு தோஸ்த்.

"இன்னாம்மா பண்ணணும்?"

"வெயிட்ட கம்மி பண்ணணும் பாய். ஓடறதுக்கு வேண்டாதது எல்லாத்தையும் கழட்டிடுங்க."

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை இன்றைக்கும் மறக்க முடியாது. "கழட்டறதுன்னா எனக்கு உசுரும்மா. மாட்டறதுதான் பேஜாரு" என்று சொல்லி ஸ்பானரை எடுத்தார். அவரைத் தடுக்க அந்த ஷாப்பில் ஒருவரும் இல்லை. நானே இன்னும் தூபம் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் பின்னால் இரண்டு பக்கமும் இருந்த அலுமினியப் பெட்டிகள் போயின. அவற்றைத் தாங்கிய கம்பிகள் போயின. நடு ஸ்டாண்டு போனது, சைடு ஸ்டாண்டு மட்டும் தப்பியது. பின்னால் உட்காருபவர் கால் வைக்கிற கம்பிகளும் போயின. ("அப்போ நான் எங்க காலு வெக்கறது?" என்று செந்தில் கேட்டார். "நீங்க பஸ்ல வாங்க" என்றேன்.) உலக்கை மாதிரி இருந்த சைலென்சரைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்றை வைத்தோம். பாட்டரி கூடக் குட்டியாக மாறியது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேட்டை, இன்ஜினைச் சுற்றி இரண்டு பக்கமும் வளைந்திருந்த இரும்பு கார்டு. அதை எடுத்துத் தோளில் மாட்டியபோது, இதையா இவ்வளவு நாள் வீணாகச் சுமந்துகொண்டிருந்தாய் என்று வண்டியை நினைத்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கழற்றிய சாமான்களை ஒவ்வொன்றாகக் கம்பெனிக்கு எடுத்துப் போய், தோல் கட்டு நிறுக்கிற தராசில் வைத்து நிறுத்தேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, சாப்பாட்டுக் கூடையோடு சைலென்சரும் வருவதைப் பார்த்துவிட்டு, "மேடம், சாமான் வெளிய போனாத்தான் நாங்க புடிப்போம். உள்ள வந்தா இன்னா பண்றதுன்னு ரூல்ஸே இல்லியே" என்று தலையைச் சொறிந்தார். எங்கள் சாம்பிள் ரூமே தராசைச் சுற்றி நின்றது. ஒவ்வொரு சாமானின் எடையையும் பார்த்துக் கைதட்டினார்கள். இரும்பு கார்டுக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் சாதாரண முட்டாள். ஆனால் தோல் வேலைக்காரர்களுக்கு என்று ஒரு கர்வம் உண்டு. உலகத்தில் எதை எடுத்தாலும், இதைத் தோலில் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அலுமினியப் பெட்டிகளுக்குப் பதிலாகத் தோலில் இரண்டு பை தைத்தேன். அதுவும் பூச்சு எதுவும் போடாத, சாயம் மட்டும் ஏற்றிய தோல். பூச்சும் ஒரு கனம்தானே! அருமையான செங்காவி நிறம். ஓரங்களை நானே மெஷினில் சீவி, இரட்டைத் தையல் போட்டு முடித்தபோது, வெளிநாட்டுக் கடையில் கண்ணாடிக்குள் வைக்கலாம் போல இருந்தது. பிறகு சீட்டைப் பிரித்து ஸ்பான்ஜைச் சீவி எடுத்தேன். அதன் மேல் லேடீஸ் ஷூவுக்கு வைத்திருந்த பளபளப்பான ஆட்டுத் தோலைப் போர்த்தித் தைத்தேன். ஹேண்டில்பார் பிடியின் ரப்பரைக்கூட விடவில்லை. சாதிக் பாய் முடிந்த வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ். இது வண்டி இல்லம்மா, செருப்பு. எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மாமியார்தான் கழற்றிய சாமான்களுக்கு வழி செய்தார். எதையும் சும்மா கிடக்க விட மாட்டார். ஒரு அலுமினியப் பெட்டியில் அரிசியைக் கொட்டினார். மூடி இறுக்கமாக இருப்பதால் பூச்சி வராதாம். இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் கம்பளி வைக்கத் தள்ளினார். இரும்பு கார்டை மாடிக்குத் தூக்கிப் போய், இரண்டு செங்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தி, துணி காயப் போட ஆரம்பித்துவிட்டார். "காத்துக்குச் சாயவே மாட்டேங்குதுடி. எந்தப் பக்கம் தள்ளினாலும் நிக்குது" என்று ஆச்சரியப்பட்டார். கடவுள் என்னிடம் நேராகப் பேசிய தருணம் அதுதான். நான் கேட்டுவிட்டு, ஈரத் துண்டை அதன்மேல் காயப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

இளைத்த எருமையை ஓட்டியது சொர்க்கம். முறுக்கினால் துள்ளியது. பச்சகுப்பம் தாண்டி ரோடு நேராகப் போகிற இடத்தில் பாடிக்கொண்டே போனேன். தூக்கிப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. எதற்கு? தராசே சொல்லிவிட்டதே. அதோடு ஆட்டுத் தோலில் கீறல் விழுந்துவிட்டால்?

பரீட்சை நாள் ஐப்பசியில் ஒரு ஞாயிறு. ஆம்பூரிலிருந்து கிளம்பும்போது தூறல். பள்ளிகொண்டா வருவதற்குள் மழை. பளபளப்பான சீட் நனைந்ததும் நான் அதில் உட்காரவில்லை, வழுக்கிக்கொண்டிருந்தேன். பிரேக் போட்டால் டேங்குக்குப் போவேன், முறுக்கினால் பின்னால் போவேன். தோல் பைகள் இரண்டும் மழையை ஒரு சொட்டு விடாமல் குடித்தன. பூச்சு இல்லாத தோல் தண்ணீர் குடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

வேலூரில் பாலாற்றுக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். நான் போய்ச் சேர்ந்தபோது மழை நின்றிருந்தது. கூட்டம் முழுவதும் வந்திருந்தது. பஸ்ஸில் செந்திலும் மாமியாரும் எனக்கு முன்னாலேயே வந்து, ஒரு வேப்ப மரத்தடியில் குடையோடு நின்றிருந்தார்கள். மாமியார் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"இன்னாடி இது காலு? யாராச்சும் வெத்தல போட்டுத் துப்புனாங்களா?"

குனிந்து பார்த்தேன். என் வெளிர் நிற பேன்ட்டின் இரண்டு காலும் முழங்காலிலிருந்து கீழே செங்காவி. சாயம் சாக்ஸ் வரை இறங்கியிருந்தது. பைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பையைத் தூக்கிப் பார்த்தேன். அலுமினியப் பெட்டியே தேவலாம் என்று இருந்தது. அவசரமாக அவற்றைக் கழற்றி ஓரமாகக் கொண்டுபோய்ப் பிழிய ஆரம்பித்தேன். அந்த நேரத்தில்தான் ஜான்சன் அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டு, எப்படித் தூக்க வேண்டும் என்று நிதானமாக விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் பை பிழிந்துகொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் சில பேர் தூக்கினார்கள். அதில் ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா, என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம், கனமான வண்டியை அலட்டிக்கொள்ளாமல் தூக்கி நிறுத்தினார். அந்த வண்டி நிறைய பெட்டி, கம்பி, கார்டு. பாவம், யாரும் இவருக்கு எடை குறைக்கச் சொல்லித் தரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். (ஆமாம். அப்படித்தான் நினைத்தேன்.)

என் முறை. நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். "வண்டி ஒல்லியாய்ட்ட மாதிரி இருக்கே?" என்று யாரோ கேட்டார்கள். நான் புன்னகைத்தேன். வலது பக்கமாகச் சாய்த்தேன்.

மற்ற வண்டிகள் எல்லாம் படுத்தபோது கார்டின் மேலும் பெட்டியின் மேலும் ஒருக்களித்து, கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்தவர் மாதிரி இருந்தன. என் வண்டி அப்படி நிற்கவில்லை. சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, இன்னும் போனது, கடைசியில் 'சொத்' என்று சேற்றில் முழுசாக ஒட்டிப் படுத்துவிட்டது. பலகையில் இழுத்து ஆணி அடித்துக் காய வைத்த தோல் மாதிரி. ஹேண்டில்பார் நுனி மண்ணுக்குள் புதைந்திருந்தது. கை நுழைக்க இடமில்லை.

ஜான்சன் அண்ணன் மெதுவாக வந்து பார்த்தார்.

"சிஸ்டர், கார்டு எங்க?"

"கழட்டிட்டேண்ணே. வெயிட்டு."

"பெட்டி?"

"அதுவும் வெயிட்டு."

"விழுந்த வண்டிய பாதி தூரம் தூக்கி வெச்சிக்கிறதே அதுங்கதான் சிஸ்டர்" என்றார். திட்டவில்லை. சாவு வீட்டில் சொல்வது மாதிரி அத்தனை மென்மையாகச் சொன்னார்.

அப்போதுதான் புரிந்தது. வீட்டு வாசலில் நான் பாதி தூக்கவே இல்லை. கார்டும் பெட்டியும் ஏற்கெனவே பாதி தூக்கி வைத்திருந்ததை நான் இன்னும் ஒரு சாண் தூக்கிவிட்டு, பாதி நான் தூக்கியதாக நினைத்துக்கொண்டேன். கம்பெனித் தராசில் வைத்துக் கைதட்டி நீக்கியது எல்லாம் எனக்கு உதவிக்கு வந்த ஆட்கள்.

இதற்குள் மாமியார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார். "பயப்படாதடி! எங்க ஊர்ல எருமை சேத்துல உக்காந்துக்கிட்டா வாலைத்தான் முறுக்குவாங்க!" என்று கத்தினார். எருமைக்கு வால் எங்கே? இருந்ததையும் நான் கழற்றிவிட்டேன்.

முதல் முறை தம் கட்டினேன். என் கால்தான் சேற்றில் இறங்கியது. இரண்டாம் முறை சீட்டில் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். ஆட்டுத் தோல் தன் வேலையைக் காட்டியது. வண்டி அசையாமல் இருக்க, நான் மட்டும் அதன்மேல் வழுக்கி, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து பார்த்தால் செந்தில் மரத்தடியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். உதவிக்கு வரக் கூடாது என்று நான் போட்ட கட்டளை அவரைக் கட்டிப் போட்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்ச் போய்விட்டது, உப்பு போய்விட்டது.

மூன்றாம் முறை எப்படித் தூக்கினேன் என்று எனக்குத் தெரியாது. விரலால் மண்ணைத் தோண்டி, ஹேண்டில்பாருக்கு அடியில் கையை விட்டு, இன்னொரு கையால் சீட்டுக்குப் பின்னால் மிஞ்சியிருந்த ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக என்னவோ கத்திக்கொண்டு தள்ளினேன். (என்ன கத்தினேன் என்று மாமியாருக்குத் தெரியும். எழுதக் கூடாது என்கிறார்.) சேறு 'சப்' என்று விட்டது. வண்டி எழுந்தது. ஒரு சாண், ஒரு முழம், இடுப்பு, நெஞ்சு. நேராக நின்றுவிட்டது!

மைதானமே கத்தியது. ஜான்சன் அண்ணன் இரண்டு கையையும் தட்டினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். சந்தோஷம் தலைக்கேறி, உலகக் கோப்பை வென்றவள் மாதிரி இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினேன்.

இரண்டு கைகளையும்.

எருமை ஒரு நொடி யோசித்தது. அப்புறம் எந்த அவசரமும் இல்லாமல் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, இடது புறம் சேற்றில் 'சொத்' என்று படுத்துக்கொண்டது. நான் கை தூக்கியபடியே நின்றேன். பிறகு மாமியாரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அடிப்பாவி! ஸ்டாண்டு போட்டியா?"

அவ்வளவுதான். கூட்டம் வெடித்துவிட்டது. இவ்வளவு நேரம் மரியாதைக்கு அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வந்தது. டீச்சரம்மா சேறு என்றுகூடப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜான்சன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலது பக்கம் படுத்த வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் சைடு ஸ்டாண்டைத் தள்ளி வைக்க வேண்டும், நிமிர்ந்ததும் அதன்மேல் சாய்க்க வேண்டும் என்றுதான் அவர் விளக்கிச் சொல்லியிருந்தாராம், நான் பை பிழிந்த நேரத்தில். கடைசியில் நானும் சிரித்தேன். வேறு வழி?

எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். இளைத்த வண்டி என்பதால் லேசாகத்தான் இருந்தது என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். ஜான்சன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், சேத்துல ஒட்டிக்கின வண்டிய, கார்டு இல்லாம, பெட்டி இல்லாம, இங்க ஒருத்தரும் தூக்குனதில்ல. என்னாலயும் முடியாது. ஆனா ரூலுன்னா நிறுத்திக் காட்டணும். கார்டை மாட்டிக்கினு அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க."

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடினேன். கார்டின் மேல் மாமியாரின் புடவை, செந்திலின் சட்டைகள், தலையணை உறை. பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு மாமியார் வந்தார்.

"அத்த, அந்தக் கம்பி வேணும்."

"துணிய எங்கடி போடறது?"

"கொடி கட்டித் தர்றேன் அத்த."

புடவையைத் தொட்டு ஈரம் பார்த்தார். "சரி, எருமை சாமான எருமைக்கே குடு" என்று தானே துணிகளை எடுத்து மடித்தார். கம்பளிப் பெட்டியையும் காலி செய்து கொடுத்துவிட்டார். அரிசிப் பெட்டி விஷயத்தில் மட்டும் மசியவில்லை. "ஒரு மூட்ட அரிசிய எங்க கொட்டறது? நீ ஒரு பொட்டியோட போ, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டார். சாதிக் பாய் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார்.

அடுத்த ஞாயிறு, கனத்த எருமை அதே மைதானத்தில் கார்டின் மேல் ஒருக்களித்துப் படுத்தது. நான் முதலில் ஸ்டாண்டைத் தள்ளினேன். முதுகைக் கொடுத்துத் தூக்கினேன். முதல் தடவையிலேயே நிமிர்ந்தது. ஸ்டாண்டில் சாய்த்து, ஆட்டிப் பார்த்து, திரும்பவும் ஆட்டிப் பார்த்து, அதற்கப்புறம் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். மாமியார் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். குடை கீழே கிடந்தது.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதையும் முன்கூட்டிக் கொண்டாட முடியாது. செந்தில் பிரமோஷன் வந்த மாதிரிதான் என்று வாய் திறந்தால், "ஸ்டாண்டு போட்டியா?" என்று மாமியார் கேட்பார். நாத்தனார் மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்து நல்ல மார்க் வரும் என்று குதித்தால், "மொதல்ல ஸ்டாண்டு, அப்புறம் கை." கம்பெனியிலும் பரவிவிட்டது. வாடிக்கையாளர் சாம்பிளைப் பிடித்திருக்கிறது என்று எழுதினால் எங்கள் மேனேஜரே திரும்பி என்னைப் பார்ப்பார். அந்தத் தோல் பைகளில் ஒன்றில் இன்று வீட்டுச் சாவிகள் இருக்கின்றன. இன்னொன்று காய்ந்து சுருங்கி எதற்கும் உதவாமல் போனது. சாயம் பிடித்த பேன்ட்டை மாமியார் தூக்கிப் போட விடவில்லை. வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் கதைக்கு அத்தாட்சியாக எடுத்துக் காட்டுகிறார்.

தை மாதம் நான் கட்ச் போனேன். ஒரு பக்கம் மட்டும் பெட்டியோடு போன வண்டி அந்தக் கூட்டத்திலேயே என்னுடையது ஒன்றுதான். வழியில் இரண்டு முறை விழுந்தேன், இரண்டு முறையும் நானே தூக்கினேன். விழுந்தது இரண்டு முறையும் பெட்டி இருந்த பக்கம். அது எருமையின் நல்ல மனசு என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்புறம் அந்த இடம். வெள்ளை. நாலா பக்கமும், வானம் தொடுகிற வரை வெள்ளை. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் உப்புதான். ஆனால் இங்கே யாருடைய முகமும் வாடவில்லை. குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் அழுதேன், அது பரவாயில்லை. பிறகு டீச்சரம்மாவிடம் போனைக் கொடுத்து, வண்டி பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

பதில் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, என் முகத்தையும் பார்க்காமல், உப்பையும் பார்க்காமல், நேராகச் சக்கரத்துக்குக் கீழே பார்த்தாராம். செந்தில்தான் பிறகு சொன்னார். வந்த குரல் செய்தி இவ்வளவுதான்:

"ஸ்டாண்டு போட்டிருக்க. சரி, இன்னும் நல்லாத் தூக்கிக்கோ கைய."